ஷூவுக்குள் ஒன்பது மணி நேரம்

1. செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் ஷார்ஜா முவைலாவில் எங்கள் கட்டடத்தின் முன்னால் முழங்கால் அளவு தண்ணீர்.

2. அப்பா வேலையிலிருந்து திரும்பும்போது கார் வழியில் நின்றுவிட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தார். தினமும் போடும் ஷூ ஊறிப்போயிற்று.

3. புதன்கிழமை மூவரும் வீட்டிலேயே இருந்தோம். தண்ணீர் வடியவில்லை. சாக்கடையும் கலந்து நாற ஆரம்பித்தது.

4. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பா, வாசலில் கிடந்த பழைய கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

5. மாலையில் குடிதண்ணீர் வாங்க நானும் அம்மாவும் கீழே இறங்கினோம். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அம்மாவின் சாவி உள்ளே. இன்னொரு சாவி வைத்த இடத்தில் இல்லை.

6. ஐந்து மணிக்கு அப்பா வந்து ஷூவைக் கழற்றினார். சாவி வலது ஷூவுக்குள் இருந்தது. சாக்ஸின் முன்பகுதி முழுக்க ரத்தம்.

7. "அட, இங்கயா இருக்கு?" என்றார் அப்பா.

நான் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்புப் பொறியாளர். யாருக்காவது அடிபட்டால் நடந்ததை இப்படி வரிசையாக எழுதுவதுதான் என் வேலை. இதையும் அன்று இரவே கைபேசியில் எழுதி வைத்தேன். ஏழாவது வரியை எழுதிய பிறகு எட்டாவது எழுத வரவில்லை.

சாவி ஏன் ஷூவுக்குள் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது இரண்டே சாவிகள். நாங்கள் மூன்று பேர். அம்மா பள்ளி ஆசிரியை, அப்பா ஏசி உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர், எனக்கு வாரத்துக்கு ஒரு மாதிரி ஷிஃப்ட். யார் முதலில் வீடு திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு சாவி அம்மாவிடம். இன்னொன்று வெளியே செருப்பு ஸ்டாண்டில், அப்பா போடுவதையே நிறுத்திவிட்ட கறுப்பு ஷூவுக்குள். முதலில் வருபவர் எடுத்துத் திறக்க வேண்டும், கடைசியில் கிளம்புபவர் திரும்பப் போட வேண்டும். கிழிந்த ஷூவை யார் தொடப்போகிறார்கள்? இந்த யோசனை என்னுடையது. எங்கள் தளத்திலேயே பாதிப்பேர் அறைச் சாவியை அப்படித்தான் வைக்கிறார்கள்.

எல்லோரும் வீட்டில் இருக்கும் நாட்களில் அம்மா அந்தச் சாவியை உள்ளே எடுத்து வைத்துவிடுவார். அந்த வாரம் எடுக்கவில்லை. ஷூவை மாட்டும்போது அப்பாவுக்குச் சாவி நினைவுக்கே வரவில்லை.

அன்று படிக்கட்டில் தண்ணீர் கேன்களோடு நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். லிஃப்ட் ஓடவில்லை.

"நீதான் எடுத்து எங்கயாவது வச்சிருப்ப."

"நான் மூணு நாளா வெளியவே வரலம்மா."

"அப்ப சாவிக்குக் கால் முளைச்சிருச்சா? ஷூவையே காணோம் பாரு."

"அப்பா போட்டுட்டுப் போயிருக்காரு. சாவிய எடுத்துப் பாக்கெட்ல வச்சிருப்பாரு."

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அம்மாவுக்கும் இல்லை. ஷூவைப் போட்டால் சாவி தட்டுப்படும், தட்டுப்பட்டால் எடுப்பார். வேறு என்ன நடக்க முடியும்?

அப்பா நான்கு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியதே தவிர, நொண்டவில்லை. இரண்டு காலிலும் சாக்ஸுக்கு மேல் பாலித்தீன் பை சுற்றி, அதற்கு மேல் ஷூ போட்டிருந்தார். அந்த வாரம் தெருவில் பலரும் அப்படித்தான் நடந்தார்கள். பைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது.

"சாவியக் குடுங்க," என்றார் அம்மா.

"எங்கிட்ட ஏது? ஷூலதான இருக்கும்."

"எந்த ஷூல?"

அப்பா தன் காலைப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்து கழற்றினார். பையைக் கிழித்தபோது உள்ளே இருந்த தண்ணீர் சிவப்பாகப் படியில் வழிந்தது. சாவியின் பல் இருக்கும் முனை பாலித்தீனையும் சாக்ஸையும் கிழித்துக்கொண்டு, இரண்டாம் விரலுக்கு அடியில் புதைந்திருந்தது. அவர் அதைப் பிடுங்கி அம்மாவிடம் நீட்டினார். பிடுங்கும்போது முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு குண்டூசியைத் துணியிலிருந்து எடுப்பவர் போல எடுத்தார்.

வலியில் கத்தும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். விரல் நசுங்கியவரைப் பார்த்திருக்கிறேன். இப்படிக் கத்தாதவரைப் பார்த்ததில்லை.

"வலிக்கலியாப்பா?"

"தண்ணில ஊறிப் போச்சுல்ல. மரத்துப் போச்சு."

அந்தப் பதிலை நான் ஒரு நிமிடம் நம்பக்கூடச் செய்தேன். நம்பத் தோதாக இருந்தது.

மருத்துவமனைக்குப் போக வழியில்லை. எங்கள் கார் எங்கோ தண்ணீரில் நிற்கிறது. டாக்சி எதுவும் தெருவுக்குள் வராது. கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரரிடம் உயரமான பிக்கப் வண்டி இருந்தது. கட்டடத்துக்கே அவர்தான் தண்ணீரும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். அப்பா தானே நடப்பதாகச் சொன்னார்.

"இந்தத் தண்ணிலயா? சும்மா இருங்க சார். முதுகுல ஏறுங்க. அரிசி மூட்டைய விட நீங்க லேசுதான்."

"வேணாம் பாய், பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்க, சாருக்குப் புது வண்டி வந்திருக்குன்னு நினைப்பாங்க. யல்லா, ஏறுங்க."

அப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கியபோது நான் பின்னால் ஒரு பெரிய துண்டும் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸும் எடுத்துக்கொண்டு போனேன். துண்டு எதற்கு என்றால் காலைத் துடைக்க. விரல் இடுக்குகளில் ஈரம் நிற்கக் கூடாது. அழுத்தித் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். ஹேர் டிரையர் காட்டக் கூடாது. காரின் ஏசியில் சூட்டை வைத்து அதில் காலை நீட்டக் கூடாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு நாள் முன்புதான் இவற்றை எழுதி முடித்திருந்தேன்.

அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மருத்துவமனை.

மருத்துவர் ஒரு மலையாளிப் பெண், கோயம்புத்தூரில் படித்தவர், நன்றாகத் தமிழ் பேசினார். புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, தூண்டில் நரம்பு போல ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார்.

"கண்ண மூடிக்குங்க சார். நான் தொடும்போதெல்லாம் 'ஆமா'ன்னு சொன்னாப் போதும்."

அப்பா கண்ணை மூடினார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். மருத்துவர் வலது பெருவிரலில் இழையை வைத்து அது வளையும்வரை அழுத்தினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாதத்தின் நடுவில் வைத்தார். ஒன்றும் இல்லை. குதிகாலில் வைத்தார். ஒன்றும் இல்லை. பிறகு மருத்துவர் கையை எடுத்துவிட்டு, மேசையில் எதையோ குறிக்கத் திரும்பினார்.

"ஆமா," என்றார் அப்பா.

யாரும் அவரைத் தொடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஆமா. இப்ப." அப்போதும் இழை காற்றில்தான் இருந்தது. இடது காலிலும் அதுவே. பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை இடைவெளி பார்த்து எதையாவது எழுதுவதைப் போல, நேரத்தைக் கணக்குப் போட்டு "ஆமா" சொல்லிக்கொண்டிருந்தார். பாஸாகப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தபோது, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்தப் பாதங்களையே பார்த்தேன். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. குதிகாலில் நான் பார்த்தேயிராத வெடிப்புகள்.

நான்கு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமைதான் வருடப்பிறப்பு. எல்லா வருடமும் போல அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். நன்றாக இரு என்று தலையில் கை வைத்தார். நான் தொட்டது அவருக்குத் தெரிந்திருக்காது.

மருத்துவர் கணினியில் பழைய பதிவுகளைத் திறந்தார்.

"போன தடவையும் இதேதான் வந்திருக்கு. அப்பவே ரெண்டு கால்லயும் உணர்ச்சி இல்லன்னு எழுதியிருக்காங்க. அதுக்கப்புறம் ஏன் வரல?"

"எந்தத் தடவை?" என்றார் அம்மா.

அப்பா கட்டிலின் விளிம்பைப் பார்த்தார். ஒன்றரை வருடத்துக்கு முன்பு, அலுவலக நேரத்தில், தனியாக வந்து பார்த்திருக்கிறார். சர்க்கரை இருப்பது எங்களுக்குத் தெரியும். மாத்திரை டப்பாவை வாரம்தோறும் நிரப்புவதே நான்தான். கால் மரத்துப்போனது தெரியாது.

"இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

"அட்மிட் பண்ணணும். ஒன்பது மணி நேரம் சாக்கடைத் தண்ணில தெறந்த புண்ணு. கிருமி எலும்பு வரைக்கும் போயிருந்தா விரல எடுக்கணும். அதுக்கு மேல பரவினா விரலோட நிக்காது. நாலஞ்சு நாள்ல தெரியும்."

அம்மா அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வந்ததிலிருந்து உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது அந்தத் தாள்.

புதன்கிழமை வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது, தளம் திறந்ததும் ஆட்களிடம் பேசுவதற்காகத் தமிழிலும் இந்தியிலும் ஒரு பக்கக் குறிப்பு தயாரித்தேன். காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்திப் பத்து நிமிடம் பேசுவோம். அந்த வாரத் தலைப்பு ஈரத்தில் கால் பராமரிப்பு. தினமும் இரண்டு ஜோடி சாக்ஸ், மதியம் மாற்ற வேண்டும். ஷூவைப் பிரித்து நாக்கை வெளியே இழுத்துக் காயவைக்க வேண்டும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்தால் ஈரம் இழுக்கும். வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கக் கூடாது. மாலையில் அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு இந்தி நன்றாக வரும். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து என் இந்தியைத் திருத்தினார். கடைசி வரிக்கு வந்தபோது பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"சர்க்கரை இருக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு வரி போட வேணாமா?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். "அது எங்க ஸ்கோப்ல வராதுப்பா. அது மெடிக்கல்."

"இல்ல, கால்ல உணர்ச்சி இல்லாதவன் என்ன பண்ணுவான்னு யோசிச்சேன்."

"அவன் டாக்டரப் பாப்பான்."

அவர் சரி என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு எழுத்துப்பிழைகளை வட்டமிட்டிருந்தார்.

இந்தப் பேச்சு எனக்கு மறந்தே போயிருந்தது. வெள்ளிக்கிழமை வார்டில் அவர்தான் நினைவூட்டினார். அம்மா கேன்டீனுக்குப் போயிருந்தார். நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருப்ப."

"ஆமா, ஒட்டியிருப்பேன். ஷூ போடறதுக்கு முன்னாடி கைய விட்டுப் பாக்கணும்னு அதுல மொத வரியாப் போட்டிருப்பேன்."

அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் சொன்னார். "எனக்கு அம்பத்தெட்டாகப் போகுது. கிடங்குல நாள் முழுக்க நின்னுட்டே வேலை. கால் சரியில்லைன்னு ஒருத்தன் காதுல விழுந்தாலும் கலாஸ், கதை முடிஞ்சுது, ஊருக்கு டிக்கெட் போட்டுருவான். உங்கிட்ட சொன்னா அம்மாகிட்ட சொல்லுவ. அம்மா அவ ஃப்ரெண்டுகிட்ட சொல்லுவா. அவ புருஷன் எங்க ஆபீஸ்."

"நான் சொல்லியிருக்க மாட்டேன்."

"சரி விடு. ஒரு தடவை கேட்டுப் பாத்தேனே."

"எப்ப?"

"புதன்கிழமை. ஸ்கோப்ல இல்லன்னுட்ட."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. நேற்று மழை பெய்தது என்பது போலச் சொன்னார். விபத்து நடந்த இடங்களில் நான் ஒவ்வொருவரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: முன்கூட்டியே ஏதாவது அறிகுறி இருந்ததா? பலரும் இல்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

திங்கட்கிழமை தளம் திறந்தது. அப்பாவுக்குக் கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது, விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. விடுப்புக் கேட்டிருக்கலாம். கேட்காமல் போனேன். நாற்பது பேர் அடித்தளக் குழியிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் வேலையில் இருந்தார்கள். தாளில் இருந்தபடி பேசினேன். பிறகு ஷூவைக் கழற்றச் சொல்லி வரிசையாகக் கால்களைப் பார்த்தேன்.

ஃபோர்மேன் ராமநாதபுரத்துக்காரர். பத்துப் பேருக்கு நடுவில் சத்தமாகச் சொன்னார். "என்னங்க மேடம், பொண்ணு பாக்க வந்த மாதிரி காலையே பாக்குறீங்க? பாட்டு வேணும்னா பாடட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும், தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். "உங்கள்ல யாருக்கெல்லாம் சர்க்கரை இருக்கு? கையத் தூக்குங்க."

நாற்பது பேரில் ஒருவர்கூடத் தூக்கவில்லை. இந்தியிலும் கேட்டேன். யாரும் பக்கத்திலிருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் முன்பாக இருந்தால், பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு போயிருப்பேன். அன்று ஒன்றும் எழுதாமல், என் கன்டெய்னர் அறையில் மதியம் வரை தனியாக இருப்பேன், யார் பெயரையும் கேட்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

பதினொரு மணிக்கு முதல் ஆள் வந்து கதவருகில் நின்றார். ஃபோர்மேன்.

"கதவச் சாத்திக்கலாமா மேடம்?"

சாத்தினேன். அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன், "ஊருக்கு அனுப்பிற மாட்டீங்களே?" என்று கேட்டார். காலையில் பாட்டுப் பாடுவதாகச் சொன்ன அதே குரல் என்று நம்ப முடியவில்லை. மதியத்துக்குள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவருடைய இடது குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு இருந்தது. அவருக்கு அது தெரியாது. இடுக்கியால் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் கால்லருந்தா வந்துச்சு?" என்றார். நால்வரையும் தலைச்சுற்றல், காய்ச்சல் என்று வெவ்வேறு காரணம் எழுதிக் கிளினிக்குக்கு அனுப்பினேன். பாதுகாப்புப் பதிவேட்டில் நான் பொய் எழுதியது அதுதான் முதல் முறை.

அன்று மாலை ஸ்கேன் முடிவு வந்தது. கிருமி இரண்டாம் விரலின் எலும்புக்குள் போயிருந்தது. பாதத்துக்குப் பரவவில்லை. மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எடுத்தா வலிக்குமா டாக்டர்?" என்று கேட்டார்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். அம்மா முந்திக்கொண்டார். "வலிச்சா சந்தோஷப்படுங்க."

புதன்கிழமை காலை விரலை எடுத்தார்கள். அரை மணி நேரம் ஆனது. வெளியே கொண்டுவந்தபோது அம்மா அவர் காலைப் பார்க்கவில்லை, நெற்றியைத்தான் தடவிக்கொண்டிருந்தார். நான் கட்டைப் பார்த்தேன். எங்கே விரல் இருக்க வேண்டுமோ அங்கே துணி தட்டையாக இருந்தது. நான் அழவில்லை. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவி, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பத்து வாரமாகிறது. தையல் போட்ட இடம் மூடிவிட்டது, ஓரத்தில் மட்டும் பயறளவு இன்னும் ஈரமாக இருக்கிறது. செவ்வாயும் சனியும் கட்டு மாற்றுகிறோம். உணர்ச்சி திரும்பி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கிடங்கு முதலாளிக்கு விரல் போனது தெரியும், கால் மரத்தது தெரியாது. அப்பாவை நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் கணக்கு வேலைக்கு மாற்றியிருக்கிறார், வருடக் கடைசி வரை. அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்பா சோபாவில் காலை நீட்டுகிறார், நான் இரண்டு பாதங்களையும் பார்க்கிறேன். இன்று புதிதாக எதுவும் இல்லை.